ஐந்து அழைப்பு மணிகள்

ஒரு பழைய குடியிருப்புப் பகுதியைப் பாரம்பரிய வட்டாரமாக அறிவிக்கும் முன், அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அமெரிக்க நகரமொன்றின் திட்டமிடல் துறையில் நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் அந்த வேலை என்னிடம் வந்தது. கட்டிய ஆண்டு, கூரையின் அமைப்பு, சன்னல்கள், முகப்புத் தாழ்வாரம், பிற்காலத்தில் செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும் எழுதியபின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: இவ்வீடு வட்டாரத்தின் சிறப்புக்குப் பங்களிக்கிறதா, இல்லையா? அந்தக் கட்டத்தில் இடும் குறிதான் பின்னாளில் அவ்வீட்டை இடிப்பது எளிதா கடினமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

தெருமுனையில் இரண்டு வீடுகளை வாங்கிய ஒருவர் நான்கு மாடிக் குடியிருப்பு கட்ட விண்ணப்பித்து ஆறு வாரங்கள் கழித்தே பாரம்பரிய வட்டாரக் கோரிக்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதற்காக, கோரியவர்கள் அனைவரும் வேடம் போட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசிய ஒரு மூதாட்டி, தன் வீட்டின் மரச் சன்னல்களை முப்பது ஆண்டுகளாகத் தானே சுரண்டி, வண்ணம் பூசிக் காத்துவருபவர்; 1963-இல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியதையும், அந்த அதிர்ச்சிக்குப் பின் 1965-இல் அந்நகரம் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் இயற்றியதையும் சொந்த வீட்டு இழவைப் போல விவரித்தார். அவருக்குப் பின் எழுந்த இளைஞர், அதே பகுதியில் வேலை பார்த்தும் வாடகை கட்டுப்படியாகாமல் இரண்டு பேருந்து மாறி வருவதாகச் சொல்லிவிட்டு, தன் நேரம் முடியும் முன்பே உட்கார்ந்துவிட்டார்.

வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றாலே எதையும் தொட முடியாது என்று இரு தரப்பினரும் நம்பியிருந்தார்கள். சொந்தப் பணத்தில் வேலை செய்யும் உரிமையாளரை அப்பதிவு தடுப்பதில்லை என்பதை அன்று மூன்று முறை விளக்கினேன். கடிவாளம் உள்ளூர் அறிவிப்பில் இருக்கிறது. 1931-இல் சார்லஸ்டன் நகரம் தொடங்கிவைத்த வழி அது. அந்த அறிவிப்பு வந்துவிட்டால், தெருவிலிருந்து கண்ணில் படும் மாற்றங்களுக்கு நகர ஆணையத்திடம் பொருத்தச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒற்றைக் குடும்ப மனைகளில் கூடுதல் வீடுகள் கட்ட வழிவிட்டு 2021-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம்கூடப் பாரம்பரிய வட்டாரங்களுக்கு விலக்களித்தது. இதெல்லாம் தெரிந்த வழக்கறிஞர்கள் கடைசி வரிசையில் அமைதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் என்னை உறுத்தியது கூட்டமன்று, ஒரு கதவு. 1912-இல் கட்டிய பெரிய வீடு ஒன்றின் வாசலில் படிவத்தோடு நின்றபோது, கதவு நிலையின் வலப்பக்கம் ஒரு பித்தளைத் தகட்டில் ஐந்து அழைப்பு மணிகள் இருந்தன. இரண்டின் மேல் வண்ணம் அப்பி, பொத்தானே அசையவில்லை. ஒன்றின் கீழ், மங்கிய தட்டச்சில் ஒரு பெயரின் பாதி. இரண்டாம் உலகப் போரின்போது, ஆலைத் தொழிலாளர்களுக்கு இடம் போதாமல் பல நகரங்களில் இத்தகைய வீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். நிலப் பதிவேட்டில் பார்த்தேன்: 1920-களின் பத்திரத்தில், வெள்ளையரல்லாதாருக்கு இந்த மனையை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அவ்வகை நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் வந்த குடும்பங்கள் அழுத்திய மணிகள் அவை.

வட்டாரத்தின் ‘சிறப்புக் காலம்’ 1890 முதல் 1930 வரை என்று எங்கள் ஆலோசகர் வரையறுத்திருந்தார். கட்டடக் கலை நோக்கில் அதில் பிழை சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய மாளிகை வரலாறு. ஐந்து குடும்பங்கள் வாழ்ந்த நாற்பது ஆண்டுகள் ‘பிற்கால மாற்றம்’. காலத்தை 1965 வரை நீட்டலாமே என்று மேலதிகாரியிடம் கேட்டேன். ஆய்வை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும், தவணை முடிகிறது என்றார். நியாயமான பதில்தான், நானும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ‘பங்களிக்கிறது’ என்று குறியிட்டேன், குறிப்புப் பகுதியில் மணிகளைப் பற்றி ஒரு வரி எழுதினேன்.

தெருமுனை மனைகளை எல்லைக்கு வெளியே விட்டு வட்டாரம் அறிவிக்கப்பட்டது. நான்கு மாடி மூன்றாகக் குறைந்து எழுந்தது. எவருக்கும் முழுத் திருப்தியில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த 1912 வீட்டை வாங்கிய தம்பதியர் அதை மீண்டும் ஒரே வீடாக்க விண்ணப்பித்தார்கள். வரைபடங்கள் நேர்த்தியாக இருந்தன. வாசல் கதவைப் பழைய புகைப்படத்தில் உள்ளபடி மீட்டெடுப்பதும், சிறப்புக் காலத்துக்குப் பின் பொருத்திய மணித் தகட்டை அகற்றுவதும் பட்டியலில் ஏழாவது வேலையாக இருந்தன. விதிப்படி மறுக்க எந்தக் காரணமும் இல்லை. பொருத்தச் சான்றிதழில் கையொப்பமிட்டது நான்தான்.