சாயத்தை விட்டு நரைக்கு வந்த 15 மாதங்கள்

2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு, இருபத்திரண்டு ஆண்டுகளாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் செய்துவந்த வேலையை அன்றும் செய்தேன். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்து, வகிடு வகிடாகப் பிரித்துத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து தலையை அலசினேன். ஞாயிறு காலையில் காது மடல்களின் ஓரத்தில் நீர் கசிந்தது. கழுத்தின் பின்புறம் தடித்துச் சிவந்திருந்தது. திங்கட்கிழமை, தீபாவளியன்று, இமைகள் வீங்கி இரண்டு கண்களும் திறக்க முடியாமல் போயின. கங்கா ஸ்நானத்துக்கு எண்ணெய் வைக்க வந்த என் அம்மா, என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது 57 வயது. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன், கூட்டுறவு வங்கி ஒன்றின் முகப்பில் நாள் முழுவதும் மனிதர்களைப் பார்த்துப் பேசும் வேலை. முதல் நரை 35 வயதில் வந்தபோது, அந்த வேலையில் இருப்பவள் சாயம் பூசுவதுதான் இயல்பு என்று நானும் நினைத்தேன், என்னைச் சுற்றியிருந்தவர்களும் நினைத்தார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளாகச் சாயம் பூசிய மறுநாள் உச்சந்தலையில் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. அதைப் பொடுகு என்று நானே முடிவு செய்து, பொடுகுக்கான ஷாம்பு வாங்கிப் போட்டேன். அந்த அரிப்பு ஓர் எச்சரிக்கை என்பதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இதை விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

பண்டிகை நாளிலும் திறந்திருந்த பக்கத்துத் தெரு மருத்துவமனையில் ஊசி போட்டு, சில நாள்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. அங்கேயே, அம்மோனியா இல்லாத சாயத்துக்கு மாறிவிட்டால் போதும் என்றும் சொன்னார்கள். என் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அந்த இளம் மருத்துவர், வீட்டிலிருந்து சாய டப்பாவை எடுத்துவரச் சொல்லி, அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை விரலை வைத்துக் காட்டினார். பாரா-பினைலின்டயமின் என்ற பெயர் அங்கே இருந்தது. சுருக்கமாகப் பிபிடி என்கிறார்கள். அம்மோனியா முடியின் மேலடுக்கைத் தளர்த்தி வழிவிடுகிறது. இந்தப் பிபிடிதான் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து முடிக்குள்ளே கருப்பு நிறமாக மாறுகிறது. ஆகவே அம்மோனியா இல்லை என்று பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பதற்கும் என் முகம் வீங்கியதற்கும் சம்பந்தமே இல்லை. மூலிகை என்றும் கருப்பு மருதாணி என்றும் விற்கப்படும் பல பொடிகளிலும் இதே பொருள் கலந்திருப்பதை அதன் பிறகு கடை கடையாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அசல் மருதாணி இலை செம்மஞ்சள் முதல் அரக்குச் சிவப்பு வரை மட்டுமே நிறம் தரும். அரைமணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் மருதாணி எதுவும் வெறும் இலையாக இருக்க முடியாது.

எந்தப் பொருளால் ஒவ்வாமை என்பதை ஊகத்தால் முடிவு செய்யக்கூடாது, ஒட்டுச் சோதனை செய்து பார்த்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். மாத்திரையின் தாக்கம் உடலை விட்டு முழுவதும் நீங்கிய பிறகே அதைச் செய்ய முடியும். வியர்வையில் ஒட்டுகள் கழன்றுவிடும் என்பதால் மார்கழி வரை காத்திருக்கவும் சொன்னார். டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் என் முதுகின் மேற்பகுதியில் சட்டைப் பொத்தான் அளவுள்ள சிறு அலுமினியக் கிண்ணங்களை வரிசையாக ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள். பிபிடி, வாசலினில் நூற்றுக்கு ஒரு பங்காகக் கலந்தது. புதன்கிழமை வரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, சொறியக்கூடாது, குனிந்து கனமான எதையும் தூக்கக்கூடாது. செவ்வாய் இரவே இடது தோளுக்குக் கீழே ஓர் இடம் மட்டும் தீக்கங்கு வைத்ததுபோல் அரிக்கத் தொடங்கிவிட்டது. புதனன்று பிரித்து ஒருமுறை குறித்தார்கள், வெள்ளிக்கிழமை மீண்டும் பார்த்தார்கள். பிபிடி வைத்த இடம் சிவந்து தடித்துச் சிறு கொப்புளங்களுடன் இருந்ததைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினார்கள். அட்டையில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டுத் தந்தார்கள்.

நான் எதிர்பாராத இன்னொரு கூட்டல் குறியும் அந்த அட்டையில் இருந்தது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் சேர்க்கப்படும் ஒரு பிசினுக்கும் எனக்கு ஒவ்வாமை. நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் தோல் சற்று வெளுத்திருந்ததை வயதின் அடையாளம் என்று எண்ணி, அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டாகத் தேடி வாங்கியிருக்கிறேன். அம்மா அன்றைக்கே ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்துச் சாந்து செய்து கொடுத்தார். மருத்துவரிடம் கேட்டுவிட்டு இன்றுவரை அதையே வைக்கிறேன். வெளுத்த இடம் முழுவதும் மாறவில்லை. ஆனால் பரவவும் இல்லை.

ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் இருக்கும், இனி எந்தக் காரணத்துக்காகவும் இந்தச் சாயத்தைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு நான் அழுதேன். அரிப்பும் வீக்கமும்கூட என்னை அப்படி அழவைக்கவில்லை. நரையோடு முகப்பில் உட்கார்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நரை ஒரே நாளில் வந்துவிடாது என்பது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. என் பின்னல் இடுப்பு வரை தொங்கியது. வேரில் வெள்ளை, அதன் கீழே மங்கிய செம்பழுப்பு, அதற்கும் கீழே கருப்பு என்று மூன்று நிறங்களோடு ஐந்தாறு ஆண்டுகள் நடமாட வேண்டும். இல்லையென்றால் கழுத்தளவு வெட்டிக்கொண்டு ஓரிரு ஆண்டுகளைக் கடக்க வேண்டும்.

மூன்றாவது வழியைச் சொன்னவர் அம்மா. எனக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று அந்தத் தீபாவளியன்றே சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டதாகவும், பூமுடி கொடுத்தாலே போதும் என்றும் சொன்னார். பூமுடி என்பது நுனியில் ஒரு கொத்தைக் கத்தரித்துக் கொடுப்பது. நான் முழு முடியையும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். சாயம் ஏறி முடிந்த பழைய முடியால் பெரும்பாலும் தொந்தரவு வராது, ஆகவே மருத்துவத்துக்காக மொட்டை போடத் தேவையில்லை, விருப்பத்துக்காகப் போடலாம், தலைத்தோல் முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். என் கணவர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "நீ முடிவு பண்ணிட்டா நானும் கூட வரேன்" என்றார்.

மாசிக் கடைசியில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் சமயபுரத்தில் நிற்க இடமிருக்காது. அதனால் தை மாதத்தில் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிப் போனோம். 2021 முதல் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்தேன். தலையை நனைத்தவர், "அம்மா, நல்லா குனிஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் புது பிளேடைப் பிரித்து எனக்குக் காட்டினார். முதல் கற்றை என் மடியில் விழுந்தது. அதன் வேர்ப்பக்கம் இரண்டு விரல்கடை நீளத்துக்குச் சுத்தமான வெள்ளை. தீபாவளிக்குப் பிறகு வளர்ந்த அந்த வெள்ளையை அதுவரை கண்ணாடியில் குறையாகத்தான் பார்த்திருந்தேன். மடியில் கிடந்தபோது அது துவைத்துக் காயவைத்த நூல்போல இருந்தது, அதை ஒட்டியிருந்த சாயமேறிய பகுதிதான் உலர்ந்து நார்நாராகத் தெரிந்தது. கல்லில் அரைத்த சந்தனத்தைத் தலையில் பூசிக்கொண்டு, ஈரக்காற்று உச்சந்தலையில் படப் பிரகாரம் சுற்றிய அந்தக் காலையில் என் மனம் அமைதியாக இருந்தது.

கடினமான காலம் அதற்குப் பிறகே தொடங்கியது. மொட்டைத் தலையைப் பார்த்தவர்கள் சமயபுரமா என்று கேட்டார்கள். அது எளிதாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, விரல் நுனியளவு வெள்ளை முடியுடன் இருந்தபோது கேட்டவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டார். புற்றுநோய்ச் சிகிச்சை என்று எண்ணிவிட்டார். அவர் கேட்ட விதத்தில் இருந்த அன்பு இன்னும் நினைவிருக்கிறது. வேறு சிலர் என் தாலியைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள். பெண்ணின் நரையை நோயோடும் இழப்போடும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை அந்த மூன்று மாதங்களில் நாள்தோறும் உணர்ந்தேன். என் கணவரும் நரைத்தவர்தான். அவரிடம் யாரும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதில்லை. சாயம் ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன் என்று ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். அப்படிச் சொன்ன பிறகு, தங்களுக்கும் அரிப்பு இருப்பதாக என்னிடம் தனியாக வந்து சொன்னவர்கள் வங்கியில் மட்டும் நான்கு பேர். ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே பூச வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருப்பதை அவர்களிடம் காட்டினேன். அவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் அதைப் படித்திருக்கவில்லை, நானும் படித்ததில்லை.

முடியில்லாத தலை எனக்கு வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. பின்னலும் பூவும் மறைத்திருந்த கழுத்தும் தோள்களும் புகைப்படங்களில் அப்படியே தெரிந்தன; முப்பது ஆண்டுகளாகக் கணினித் திரையை நோக்கி வளைந்த தோள்கள், முன்னால் நீண்ட கழுத்து. என் முகத்துக்கு வயதைக் கூட்டியது நரையைவிட இந்தக் கூன்தான் என்று எனக்குப் பட்டது. இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் நான்கு முறை போய்க் கற்றுக்கொண்டேன். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் படும்படி நின்று கைகளைச் சுவரோடு மேலே உயர்த்துவது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது. முதல் நாள் ஐந்தாவது முறையே தொடை நடுங்கியது. வாரத்தில் மூன்று நாள் இதைச் செய்தேன். மற்ற நாள்களில் விடியலில் உத்திர வீதியைச் சுற்றி நடந்தேன். வயது ஏற ஏறத் தசை தானாகக் குறைந்துகொண்டே போகும், அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேயும், நடை மட்டும் அதற்குப் போதாது, தசைக்குச் சுமை கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை எல்லாப் பெண்களும் கேட்டிருக்க வேண்டும். இரவு இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டிருந்த உணவில் சுண்டலும் தயிரும் பருப்பும் கூடின. ஆனி மாதத்துக்குள் குடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறினேன். நின்று எடுத்த படத்தில் ரவிக்கையின் தோள் தையல் அதற்குரிய இடத்தில் இருந்தது.

வளர்ந்துவரும் வெள்ளை முடிக்குப் பழைய பராமரிப்பு ஒத்துவரவில்லை. நரைமுடி எளிதில் உலர்கிறது, முரடாக எழுந்து நிற்கிறது. பச்சையும் சிவப்புமாக இருக்கும் மூலிகை எண்ணெய்கள் அதில் கறையாகப் படிந்து மஞ்சளாக்கிவிடுகின்றன. வெறும் தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு சிறிதளவு தடவி அலசுவதோடு நிறுத்திக்கொண்டேன். வெயிலில் குடை கட்டாயம். புடவைகளையும் மாற்ற வேண்டியிருந்தது. வயதானால் வெளிர் நிறம்தான் கட்ட வேண்டும் என்று நானே வாங்கி அடுக்கிய சந்தன நிறமும் சாம்பல் நிறமும் வெள்ளை முடிக்குக் கீழே என்னைக் காய்ச்சல்காரியைப்போல் காட்டின. அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ நிறங்களைக் கட்டியதும் முகம் தெளிந்தது. ஆனால் பாலியெஸ்டர் துணிகளில் ஏற்றப்படும் சில அடர் சாயங்கள் பிபிடி ஒவ்வாமை உள்ளவர்களைத் தொந்தரவு செய்யக்கூடும் என்பதால், பருத்தியிலேயே அந்த நிறங்களைத் தேடினேன். ரவிக்கைக்கு உள்துணியும் வெள்ளைப் பருத்தியாகவே வைத்துத் தைக்கச் சொன்னேன்.

2024 தையில் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். என் முடி அப்போது காதைத் தாண்டிக் கழுத்தைத் தொட்டிருந்தது, முழுவதும் வெள்ளி. முதல் நாள் மாலை மருதாணி போட வந்த பெண், கோனை எடுத்துக்கொண்டு எனக்கும் கையை நீட்டச் சொன்னாள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். கடையில் வாங்கியது, சீக்கிரம் கருப்பாகப் பிடிக்கும், அவ்வளவுதான் தெரியும் என்றாள். மணப்பெண்ணுக்கும் அதைப் போட வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, என் சோதனை அட்டையைப் படமெடுத்து வைத்திருந்ததைக் கைப்பேசியில் காட்டினேன். அண்ணி மறுபேச்சுப் பேசவில்லை. கொல்லையில் நின்ற மருதாணிச் செடியிலிருந்து இலை பறித்து, அம்மா உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்க, நானும் மகளும் அம்மியில் மைபோல அரைத்தோம். மணப்பெண்ணுக்குக் கோலமாகவும் எங்களுக்கு விரலுக்குத் தொப்பியாகவும் வைத்துக்கொண்டு படுத்தோம். விடியற்காலையில் கழுவியபோது வெறும் ஆரஞ்சு நிறமாக இருந்தது. முகூர்த்தம் முடிந்து, மாலையில் வரவேற்பில் நிற்கும்போது எல்லார் விரல்களும் அரக்குச் சிவப்பாகியிருந்தன.