ஆபீசுக்கு வராத லேப்டாப்புகள்

தலைமை ஆபீஸ் நாகர்கோவிலில். ஆட்களோ குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதலிலும், குளச்சலில் மீன் ஏலத்திலும், களியக்காவிளையில் விற்பனையிலும். லேப்டாப் வாங்கின அன்று ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்ததோடு சரி. இப்படித் தூரத்தில் இருக்கும் லேப்டாப்புகளைக் கவனித்துக்கொள்ள, ஆபீஸ் சர்வர் போய் மெஷினைத் தேடுகிற முறை எடுபடாது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் மெஷினுக்கு வெளியிலிருந்து நுழைய வழியில்லை. மெஷின்தான் கூப்பிட வேண்டும். தூரத்து மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருள் இன்டியூனோ மெஷ்சென்ட்ரலோ, லேப்டாப்பில் ஓடும் அதன் ஏஜென்ட் (சிறு நிரல்) வழக்கமான வெப்சைட்டுகள் பயன்படுத்தும் 443 போர்ட் வழியாக வெளியே பேசினால் போதும். சர்வர் முகவரி ஆபீசுக்குள் மட்டும் திறக்கிற பெயராக இருந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

லேப்டாப் பட்டியலில் கம்ப்யூட்டர் பெயரை நம்பாதீர்கள், ஃபார்மட் செய்தால் மாறிவிடும். சீரியல் நம்பர், வைத்திருப்பவர், கடைசியாகப் பேசிய தேதி: இந்த மூன்றும் முக்கியம். 7 நாள் சத்தமில்லை என்றால் ஒரு போன். 30 நாள் ஆனால் மெஷினை நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

‘30 நாள் வராவிட்டால் டொமைன் உறவு அறுந்துவிடும்’ என்பார்கள். டொமைன் என்பது ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு. தவறு. மெஷினின் கடவுச்சொல்லை 30 நாளுக்கொருமுறை மாற்றுவது மெஷினேதான், அதுவும் டொமைன் கன்ட்ரோலர் (அதை நடத்தும் ஆபீஸ் சர்வர்) கைக்கு எட்டும்போது மட்டும். மூன்று மாதம் கழித்து வந்தாலும் பழைய கடவுச்சொல் செல்லும். உறவை அறுப்பது பெரும்பாலும் நாம்தான்: பழைய இமேஜை (முழு வட்டின் நகலை) ரீஸ்டோர் செய்வது, அல்லது ‘பயன்படாத’ கணக்குகளை ஸ்கிரிப்ட் வைத்து அழிப்பது. ஆக்டிவ் டைரக்டரி (டொமைனின் கணக்குப் பதிவேடு) காட்டும் கடைசி லாகின் தேதி 14 நாள் வரை பின்தங்கியிருக்கும். போதாக்குறைக்கு, வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை அங்கே சேமித்திருந்தால் அது அந்தக் கம்ப்யூட்டர் கணக்குக்குள்தான் இருக்கிறது. கணக்கை அழித்தால் கீயும் போச்சு. அழிக்காமல் கணக்கை முடக்கி, தனி ஓயூவில் (ஆக்டிவ் டைரக்டரியின் ஒரு பிரிவில்) ஆறு மாதம் போட்டு வையுங்கள். அறுந்த உறவை விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கு இன்டர்நெட் வழி பாதுகாப்பான பாதை) போட்டு, பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் கட்டளையை ரிப்பேர் சுவிட்சோடு ஓட்டினால் பெரும்பாலும் ஒட்டிவிடும். அதற்கு லோக்கல் அட்மின் கடவுச்சொல் கையில் இருக்க வேண்டும்.

ஆபீசில் கடவுச்சொல்லை ரீசெட் செய்து போனில் சொன்னால் லேப்டாப்புக்குத் தெரியாது, பழையதையே கேட்கும். பழையதில் நுழைந்து, விபிஎன் போட்டு, விண்டோஸ்-எல் அழுத்திப் பூட்டி, புதியதால் திறக்கச் சொல்லுங்கள்.

அப்டேட் மாதக்கணக்கில் ஏறவில்லையா? ஹாட்ஸ்பாட் ‘மீட்டர்டு’, அதாவது டேட்டா அளவுள்ள இணைப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் இறக்காமல் காத்திருக்கும். அளவுள்ள இணைப்பிலும் இறக்க பாலிசி உண்டு, ஆனால் அவருடைய டேட்டா தீரும். வாரம் ஒரு இரவு வீட்டு பிராட்பேண்டில் போடச் சொல்வதே மேல்.

நெட் இருந்தும் ஏஜென்ட் பேசவில்லை, பிரவுசரும் கடிகாரம் தப்பு என்கிறது என்றால், மதர்போர்டு பேட்டரி செத்துத் தேதி பின்னுக்குப் போயிருக்கும். தேதி தவறினால் சான்றிதழ் செல்லாது. டொமைன் மெஷின் நேரத்தையும் ஆபீசிடமே கேட்பதால் தானாகச் சரியாகாது. கையால் திருத்தி, பேட்டரியை மாற்றுங்கள்.

இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் இது. 2017 ஒக்கிப் புயல் போல ஒன்று அடித்தால் மெஷின்கள் நாள்கணக்கில் மௌனமாகிவிடும். அதைத் திருட்டு என்று நினைத்து வைப் (மெஷினில் உள்ளதை எல்லாம் அழிக்கும்) கட்டளை அனுப்பிவிடாதீர்கள்: கட்டளை வரிசையில் காத்திருக்கும், கரண்ட் வந்து நெட் கிடைத்ததும் அந்த வாரக் கொள்முதல் கணக்கோடு சேர்த்துத் துடைத்துவிடும்.