கிட்டார் முதுகுக்கு நாலு சட்டம்

ஜூலை 3, கல்லடி

கச்சான் காற்று, அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று, நன்றாகப் பிடித்துவிட்டது. பட்டறைச் சுவரில் தொங்கும் ஈரப்பதமானி பின்னேரம் 55 வீதத்துக்கு இறங்கியது. மட்டக்களப்பில் கிட்டார் முதுகின் உட்பக்கத்தில் சட்டம் (பலகையைத் தாங்கும் மரப்பட்டி) ஒட்டுவதென்றால் இந்தக் காலம்தான். முதுகுப் பலகையில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது, சட்டங்கள் குறுக்கே போகின்றன. ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சட்டம் தன் நீளத்தில் அசையவே அசையாது. மாரியில், பலகை ஊதியிருக்கும்போது ஒட்டினால் அடுத்த கச்சானுக்கு முதுகின் வளைவு தட்டையாகிவிடும். போதாததற்கு, பலகையின் இரண்டு பாதிகளும் சேரும் நடுப்பொருத்திலும் வெடிக்கலாம். காய்ந்த மரத்தில் ஒட்டினால் மாரிக்கு வளைவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வெளிநாட்டு வரைபடக்காரர்கள் 45 வீதம் என்கிறார்கள். மிச்சப் பத்தையும் குறைக்க, மரத்தைப் பழைய அலுமாரிக்குள் குண்டு பல்பு ஒன்றோடு பூட்டி வைத்திருக்கிறேன்.

ஜூலை 4

சட்டங்களின் அடிப்பக்கத்தை வளைவாகச் சீவ அச்சு வேண்டும். அதற்கு 15 அடி ஆரமுள்ள வில் வரைந்தாயிற்று. முற்றத்தில் நீளமான றீப்பையின் ஒரு முனையை ஆணியில் கோத்து, மறுமுனையில் பென்சிலைக் கட்டி, பிளைவுட் துண்டில் இழுத்தேன். கயிறு சரிவராது, இழுபடும். 16 அங்குல அகலத்தில் நடுவுக்கும் விளிம்புக்கும் வித்தியாசம் நாலரை மில்லிமீட்டர். ஓடாவிமார் கணக்கில் ஒன்றரை நூலுக்குச் சற்றுக் குறைவு (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று).

ஜூலை 6

டச்பாரிலிருந்து அங்கிள் வந்தார். தச்சுவேலை, வயலின் இரண்டிலும் கைதேர்ந்த பறங்கியர். அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசித்தவர். மேசையில் கிடந்த சட்டங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வயலினுக்கு முதுகில ஒரு சட்டமும் இல்லையே மனே. இதுக்கு மட்டும் ஏன் நாலு?"

கேட்க வேண்டிய கேள்விதான். வயலின் முதுகைத் தடித்த மேப்பிள் பலகையிலிருந்து வளைவாகக் குடைந்து எடுக்கிறார்கள். நடுவில் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு நிற்கும், வளைவே அதற்குப் பலம். என் மகோகனி முதுகு இரண்டரை மில்லிமீட்டர் தகடு. அதற்கு வளைவைக் கொடுப்பதும் சட்டம், பிடித்து வைப்பதும் சட்டம்.

"அப்ப நல்ல அகலமாப் போடன்."

இங்கேதான் நானும் அவரும் ஒத்துப்போகவில்லை. அகலம் இரட்டித்தால் விறைப்பும் இரட்டிக்கும், சரி. உயரம் இரட்டித்தால் எட்டு மடங்கு. 5 நூல் உயரச் சட்டத்தில் ஒரே ஒரு நூலைச் சீவி எறிந்தால் விறைப்பில் ஏறக்குறைய பாதி போய்விடும். மார்ட்டின் கம்பனியின் ட்ரெட்நாட் என்ற பெரிய கிட்டார் பாணியில் மேல் இரண்டும் ஒடுங்கி உயர்ந்தவை: அகலம் இரண்டரை நூல், உயரம் 5. கீழ் இரண்டும் அகன்று தாழ்ந்தவை: அகலம் 6, உயரம் 3. பார்வைக்குக் கீழ்ச் சட்டம்தான் பலசாலி. உயரம் × உயரம் × உயரம் என்று பெருக்கி, அகலத்தாலும் பெருக்கினால் மேலே 312, கீழே 162. மரம் கூட, விறைப்போ பாதி. இடுப்புக்குக் கீழே முதுகு கொஞ்சம் அசையட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். அங்கிள் கடதாசியில் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 7

ஸ்புரூஸ் கட்டையை வாளால் அறுக்காமல் உளி வைத்துப் பிளந்தேன். பிளந்தால் நார் முனைக்கு முனை ஓடும். அறுத்தால் இடையில் வெளியே ஓடிவிடும், அந்த இடத்தில்தான் பிறகு முறியும். ஆண்டு வளையங்கள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி அடிப்பக்கத்தைக் குறித்து, வில்லுக்கு ஏற்பச் சீவினேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கீற்றுக்கூடத் தெரியக்கூடாது. மூன்று சரி. இடுப்புச் சட்டம் மட்டும் அடம்பிடிக்கிறது.

ஜூலை 9

ஒட்டியாயிற்று. வச்சிரம் (விலங்குத் தோல் பசை) காய்ச்சலாமா என்று யோசித்தேன். பின்னாளில் சூடு காட்டிக் கழற்றலாம் என்பது அதன் வசதி. ஆனால் இந்தக் காற்றில் சட்டத்தை வைப்பதற்குள் உறைந்துவிடும். மஞ்சள் மரப்பசையே போதும். நடுப்பொருத்தின் மேல் ஒட்டிய பட்டியைச் சட்டம் உட்காரும் இடங்களில் வெட்டி எடுத்தேன். அப்புறம் மூங்கில் கீற்றுகளை வளைத்து, மேசைக்கு மேலே பொருத்திய தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் வரிசையாக முட்டுக் கொடுத்தேன். வழிந்த பசையை உடனே வழித்தெடுக்க வேண்டும், காய்ந்தால் உளியைத் தின்றுவிடும்.

ஜூலை 11

இன்று முழுக்கச் சின்னச் சீவுளி வேலை. ஒவ்வொரு சட்டத்திலும் உச்சியைத் தொடாமல் இரண்டு பக்கத் தோள்களையும் சீவினேன். இப்படிச் செய்தால் எடை இறங்கும், விறைப்பு அவ்வளவாக இறங்காது. முனைகளில் கடைசி ஒன்றேகால் அங்குலத்தை முக்கால் நூலுக்குச் சரித்தேன். முனை தடித்திருந்தால் விளிம்பு இறுகி நின்றுவிடும்.

இடையிடையே பலகையைத் தூக்கிப் பிடித்து விரலால் தட்டினேன். காலையில் 'டக்' என்று செத்துப்போன சத்தம். மத்தியானத்துக்குப் பிறகு அடியில் ஒரு முழக்கம் வந்தது, அதோடு சீவுளியைக் கீழே வைத்துவிட்டேன். இன்னும் சீவலாம் என்று கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில்தான் நிறுத்த வேண்டும்.

பின்னேரம் அங்கிள் வந்து தானும் தட்டிப் பார்த்தார். "மாரி வரட்டும், அப்ப பாப்பம்" என்றார். நியாயம்தான். நாளைக்கு இந்த முனைகள் உட்கார லைனிங்கில் (பக்கப்பலகையின் உள்விளிம்பில் ஓடும் மரப்பட்டி) குழி வெட்ட வேண்டும். அதற்குத் தோதான கால் அங்குல உளி அவரிடம்தான் இருக்கிறது.