ஊட்டி ரயிலுக்காகத் தைத்த நீலமும் க்ரீமும்

சுற்றுலாவுக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி உடை வேண்டும் என்றால் கடையில் கார்ட்டூன் படம் போட்ட டீ ஷர்ட் எத்தனையோ கிடைக்கிறது. ஆனால் போகிற ஊருக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. போகிற இடத்தையே உடையில் கொண்டுவர வேண்டும், அதைப் பிள்ளைகளே யோசித்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் இவ்வளவு வேலைக்கும் பலன் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தக் கோடை விடுமுறைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனோம். எட்டு வயது மகள், ஐந்து வயது மகன், நாத்தனாரின் இரண்டு வயதுக் குழந்தை என்று மூன்று பேருக்கும் நானே தைத்தேன். எப்படிச் செய்தேன் என்று சொந்தக்காரர்கள் விடாமல் கேட்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் டிக்கெட். ரயில்வே முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, மே மாதத்து ஊட்டி ரயில் திறந்த கொஞ்ச நேரத்திலேயே நிரம்பிவிடும். அதனால் டிக்கெட் உறுதியாகும்வரை நான் துணி எடுக்கவே இல்லை. உறுதியான பிறகு கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மாதம், அதுவும் முழுப் பரீட்சை நடக்கிற சமயம். தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தாராளமாகப் போதும், கடைசி வாரத்துக்கு என்று தள்ளிப்போட்டால்தான் சிரமம்.

துணி எடுக்கும் முன்பே பிள்ளைகளை உட்காரவைத்து அந்த ரயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன். 46 கிலோமீட்டர் தூரம், 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 1899-ல் குன்னூர் வரைக்கும் வந்து, 1908-ல் ஊட்டியைத் தொட்ட பாதை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் மிக அதிகம், சில இடங்களில் 12 மீட்டர் முன்னால் போவதற்குள் 1 மீட்டர் மேலே ஏறிவிடுகிறது. சாதாரணச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இன்ஜின் முன்னால் இருந்து இழுப்பதும் இல்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே போகிறது. சின்னவனுக்கு இதுதான் மனதில் பதிந்துவிட்டது. சட்டையின் நெஞ்சில் இன்ஜின் படம் வைக்கலாமா என்று நான் கேட்டபோது, "அம்மா, இன்ஜின் பின்னாடிதானே தள்ளும், முதுகுல வைங்க" என்றான். அவ்வளவுதான், முழு வடிவமைப்பும் அங்கேயே முடிவாகிவிட்டது. முன்பக்கம் பெட்டிகள், முதுகில் இன்ஜின்.

நிறம் பற்றி யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. அந்த ரயில் பெட்டிகள் கீழே நீலம், மேலே க்ரீம். பெரியவளுக்கு ஃப்ராக் என்றதும் மேல் பகுதி க்ரீம், பாவாடைப் பகுதி நீலம் என்று தானாகவே அமைந்துவிட்டது.

நாங்கள் இருப்பது ஈரோடு. திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையில், கனி மார்க்கெட் பக்கம் போனால் பாப்ளின், காட்டன் எல்லாம் மீட்டர் கணக்கில் வாங்கலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள், அடர் நீலமும் க்ரீமும் ஒரே உடையில் வரும்போது நீலத்தின் சாயம் போனால் க்ரீம் வீணாகிவிடும். துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நீலம் ஏறினால் அந்தத் துணியை உள்சட்டைக்கோ பைக்கோ வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு வேண்டாம். ஏறாவிட்டாலும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, அலசுகிற தண்ணீர் தெளிவாகும்வரை அலசி, நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகுதான் சாக்பீஸை எடுக்க வேண்டும். காட்டன் எப்படியும் முதல் தண்ணீரில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் குழந்தைகளுக்குக் கைக்குழியில் பிடிக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் போடமாட்டார்கள்.

பெரியவளின் ஃப்ராக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 44 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் இரண்டு அகலம் சேர்த்தால் 88 இன்ச் வரும், ஓரத்தையும் தையலையும் கழித்துக் கீழ்ச் சுற்றளவைச் சரியாக 80 இன்ச்சுக்குக் கொண்டுவந்தேன். ஏன் 80 என்றால் 16 குகை. ஐந்து இன்ச்சுக்கு ஒரு குகை என்று பாவாடையின் அடியைச் சுற்றி அரைவட்டமாகக் கறுப்புத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். என் பழைய ப்ளவுஸ் ஒன்று அதற்கு உதவியது. குகைகளுக்குக் கீழே, பல் வைத்த பட்டைக்காக, மேலும் கீழுமாக வளைந்து வளைந்து வரும் ஜிக்ஜாக் லேஸைச் சாம்பல் நிறத்தில் வாங்கி முழுச் சுற்றும் ஓட்டினேன். இந்த லேஸை நடுவில் ஒரே நேர்த்தையல் போட்டால் துவைக்கத் துவைக்க ஓரம் சுருண்டுவிடும், பொறுமையாக இரண்டு ஓரத்திலும் தையல் போடுவதுதான் நல்லது. குகைகளுக்கு மேலே வளைந்து போகும் பாதையைப் பெரியவள் தன் கையாலேயே சங்கிலித் தையலில் போட்டாள். 208 வளைவையும் போடுவேன் என்று தொடங்கியவள், இடம் போதாது என்று தெரிந்ததும், குன்னூர் வரைக்கும் மட்டும் போதும் என்று தானே தீர்மானித்துக்கொண்டாள்.

என்னுடையது கால் மெஷின், நேர்த்தையல் மட்டும்தான் வரும். ஒட்டுவேலைக்கு ஜிக்ஜாக் மெஷின் இல்லையே என்று நிறைய பேர் தயங்குகிறார்கள். அது தேவையே இல்லை. வேண்டிய வடிவத்தை அட்டையில் வெட்டிக்கொண்டு, துணியைக் கால் இன்ச் கூடுதலாக வெட்டி, அட்டையின்மேல் ஓரத்தை மடித்து இஸ்திரி போட்டு, அட்டையை உருவிவிட்டால் ஓரம் பிசிறில்லாமல் நிற்கும். வளைவான இடங்களில் மடிப்புக்குள் சின்னச் சின்ன வெட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் குண்டூசி குத்தி ஓரத்தை ஒட்டியே நேர்த்தையல் போட்டால் போதும். சின்னவனின் முதுகு இன்ஜினுக்கு மட்டும் பின்னால் இஸ்திரியில் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ் வைத்தேன். புகைபோக்கியும் சக்கரமும் சின்னச் சின்னத் துண்டுகள், கேன்வாஸ் இல்லாமல் தைத்தால் துணி இழுத்துக்கொள்ளும். பட்டன் துளைக்கான காஜாவும், ஓரம் பிசிறாமல் இருக்கப் போடும் ஓவர்லாக்கும் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டேன், அதை வீட்டில் செய்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

சின்னவன் சட்டையில் இன்னொரு விஷயம். இன்ஜின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாது. பெட்டிகளின் முன்மேடையில் பிரேக் ஊழியர்கள் நின்று பச்சைக்கொடி, சிவப்புக்கொடி காட்டித்தான் வழி சொல்கிறார்கள். அதனால் சட்டையில் இரண்டு பாக்கெட், ஒன்றின் மூடி பச்சை, மற்றது சிவப்பு. உள்ளே கைக்குட்டை அளவில் ஒரு பச்சைக்கொடியும் ஒரு சிவப்புக்கொடியும். மடித்துத் தைத்த வெறும் துணிதான், குச்சி எதுவும் வைக்கவில்லை.

குச்சி வைக்காததற்கும், எந்த உடையிலும் கயிறோ நீள ரிப்பனோ வைக்காததற்கும் காரணம் இருக்கிறது. ரயில் ஜன்னல், கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள் என்று மாட்டிக்கொள்ள அங்கே ஆயிரம் இடம். ஐரோப்பாவில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்திலும் தலைத்தொப்பியிலும் இழுகயிறு வைப்பதைப் பாதுகாப்புத் தர விதியே தடுக்கிறது, அங்கே ஏற்றுமதி செய்கிற திருப்பூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏற்றுமதிக்கு இவ்வளவு பார்க்கிறோம், நம் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டாமா? இரண்டு வயதுக் குழந்தைக்குத் தைத்த ரோம்பரில் மணியோ சின்ன பட்டனோ எதுவும் கிடையாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் வயது. கால் நடுவே பிரஸ் பட்டன் மட்டும் வைத்தேன், ஓடுகிற ரயிலில் டயப்பர் மாற்ற அது எவ்வளவு உதவி என்பதை நாத்தனார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த ரோம்பரின் பின்பக்கம் ஒரு யானை. கல்லாறு பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு, சின்னவளுக்குச் சொல்லத் தெரிந்த ஒரே மிருகமும் யானைதான்.

குளிருக்கு என்ன செய்வது என்பதுதான் மலைக்குத் தைப்பதில் முக்கியமான கேள்வி. காலை 7 மணி சுமாருக்கு மேட்டுப்பாளையத்தில் ஏறும்போதே வெயில் சுள்ளென்று இருக்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டர். ஒரே பயணத்தில் இரண்டு பருவம். மேலே ஸ்வெட்டரைப் போட்டு மூடிவிட்டால் இவ்வளவு தைத்ததும் உள்ளே மறைந்துபோகும். நான் கைக்குழியையும் கழுத்தையும் வழக்கத்தைவிட ஒரு இன்ச் தளர்வாக வெட்டி, உள்ளே போட்டுக்கொள்ளத் திருப்பூர் பனியன் துணியில் முழுக்கை சட்டை வாங்கிக்கொண்டேன். குன்னூர் தாண்டியதும் உள்ளே அதைப் போட்டு, வெளியே அதே ஃப்ராக், அதே சட்டை. ராத்திரிக்கு ஸ்வெட்டர் தனி.

பெரியவள் ஒரு கட்டத்தில் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூவேலைப் படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த டிசைன கழுத்துப்பட்டியில போட்டுத் தர்றீங்களாம்மா?" என்று கேட்டாள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல், இழை எண்ணி எண்ணிப் போடுகிற வேலை, அச்சடித்த மாதிரி எதுவும் இல்லாமல் கணக்கை மனதில் வைத்துத் தோடர் பெண்கள் செய்கிறார்கள். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நான் போட்டுத் தரவில்லை. அது அவர்களுடைய புத்துக்குளிப் போர்வையில் இருந்து வரும் வேலை, அவர்களுக்கு அது பிழைப்பும்கூட. "அங்க போய் அவங்க கையால செஞ்சதையே வாங்கலாம் கண்ணு" என்று சொன்னேன், ஊட்டியில் ஒரு சின்னப் பை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பையை உள்ளே வெளியே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சுத்தமாக இருப்பதைப் பார்த்த பிறகு தன் சங்கிலித் தையலின் பின்பக்கத்தையும் எடுத்து வந்து சரிபார்த்துக்கொண்டாள்.

பயணத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எல்லோரும் எழுதியதுதான். ஒன்றே ஒன்று. வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். பிள்ளைகள் இறங்கி நின்றபோது கூட்டத்தில் மூன்று நீலமும் எனக்குச் சட்டென்று கண்ணில் பட்டது, இதற்காகவே ஒரே நிறத்தில் தைக்கலாம். எங்கள் பெட்டியின் பிரேக் ஊழியர் சின்னவனின் பச்சை மூடிப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குத் தம்பி?" என்றார். இவன் கொடியை எடுத்துக் காட்டினான். அவர் சிரித்துக்கொண்டே தன் கொடியை எப்படிப் பிடிப்பது, எப்போது எதைக் காட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அவன் முதுகைத் திருப்பி இன்ஜினைப் பார்த்தவர், "சரியான இடத்துல வெச்சிருக்கீங்கம்மா" என்றார். இரண்டு மாத வேலைக்கு எனக்கு அது போதும்.

அழுக்கு பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆமாம், க்ரீம் நிறம் புகையிலும் தூசியிலும் அன்று மாலையே மங்கிவிட்டது. ராத்திரியே சோப்புத் தண்ணீரில் ஊறவைத்ததில் போய்விட்டது. அப்பத்தா இதையெல்லாம் எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார், நான் வைக்கவில்லை, இருவரும் இப்போதும் வீட்டில் போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள். பக்கத் தையலில் ஒரு இன்ச்சும் அடிமடிப்பில் இரண்டரை இன்ச்சும் உள்ளே விட்டிருக்கிறேன், பெரியவளுக்கு இன்னும் இரண்டு வருடம் வரும், அப்புறம் நாத்தனார் மகளுக்கு.

அடுத்து பாம்பன் என்று முடிவாகியிருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாலம், ரயில் ஓடிய காலத்தில், கப்பல் வரும்போது நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும்படி இருந்தது, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே உயரும். சின்னவனுக்குப் பழைய பாலம் வேண்டுமாம், பெரியவளுக்குப் புதுசு. பழையதைப் பாக்கெட்டில் இரண்டு மூடி எதிரெதிராக வைத்துச் செய்துவிடலாம். நேராக மேலே ஏறுவதற்கு இரண்டு பக்கமும் துணியில் தடம் மாதிரி தைத்து, நடுத்துண்டை அதற்குள் நகரவிட்டு, மேலே வெல்க்ரோவில் நிறுத்தலாமா என்று பழைய துணியில் தைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாப்ளினில் தடம் சுருக்கிக்கொள்கிறது, கொஞ்சம் விறைப்பான துணியாக வேண்டும். வருகிற செவ்வாய் சந்தையில் பார்க்க வேண்டும்.