கூத்தம்பலம் காணத் திருச்சூருக்கு

பூரத்துக்காகவும் நகைக்கடைகளுக்காகவும் திருச்சூர் போகிறவர்கள் உண்டு. அந்நகரின் அரங்குகளை, அதிலும் சாக்கியார்கள் நடிக்கும் கூத்துக்கென்று கோயிலில் கட்டும் அரங்கான கூத்தம்பலத்தை, பார்ப்பதற்கென்றே போகலாம் என்று எங்கள் கொழிஞ்சாம்பாறையில் சொன்னால் எவரும் நம்புவதில்லை. நேற்றிரவு திரும்பிய நான் அடித்துச் சொல்கிறேன்: அதற்காகவே போக வேண்டும்.

ஆனால், பாலக்காட்டில் தனியார் பேருந்து ஏறாதீர்கள். வடக்கஞ்சேரி வரை ஒற்றைக் காலில் நின்றேன். ஓட்டுநர் முன்னால் போன ஒவ்வொரு லாரியையும் முந்தியே தீருவதென்று முடிவு செய்திருந்தார். திருச்சூரில் இறங்கியதும், நடந்தே போகக்கூடிய தூரத்திலிருந்த கோயிலுக்கு ஆட்டோக்காரர் 150 ரூபாய் கேட்டார். பேரம் பேசியும் 120க்குக் கீழே இறங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த பணம் அதிலேயே போயிற்று.

வடக்குநாதர் கோயிலில் ஆண்கள் வேட்டி உடுத்தி, மேல்சட்டையைக் கழற்றிய பிறகே உள்ளே போகலாம். இந்துக்கள் அல்லாதோருக்கு அனுமதி இல்லை. மதிலுக்குள் நுழைந்தவுடன் கண்ணை இழுப்பது கூத்தம்பலத்தின் கூரைதான். செங்குத்தாகச் சரிந்து இறங்கும் அந்தப் பெருங்கூரையின் கீழ், சுவருக்குப் பதிலாக இடைவெளி விட்டு மரச்சட்ட அழிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். காற்று தாராளமாக நுழைகிறது, வெயிலோ வடிகட்டப்பட்டு மங்கலாகவே உள்ளே விழுகிறது. கூத்து இல்லாத வேளையாதலால், அந்த இடைவெளியில் முகத்தை வைத்துத்தான் பார்த்தேன்.

உள்ளே ஒரு சதுர மேடை, தனக்கென்று தூண்களும் கூரையும் கொண்டு, கட்டடத்துக்குள் ஒரு கட்டடமாகவே நிற்கிறது. கூத்தம்பல மரபில் மேடையின் பின்புறம், வாய் சிறுத்து வயிறு பெருத்த செப்புக்குடத்தில் தோல் கட்டிய மிழாவுகளை மரச்சட்டத்தில் பொருத்தி வைப்பார்கள். அவற்றை முழக்குபவர் நம்பியார். பக்கத்தில் அமர்ந்து குழித்தாளம் தட்டுபவர் நங்கியார். ஒப்பனை செய்யும் அணியறையிலிருந்து மேடைக்கு வர இரண்டு வாயில்கள். முன்னால் எரியும் நிலவிளக்கு என்னும் குத்துவிளக்கின் மூன்று திரிகளில் இரண்டு நடிப்பவரை நோக்கியும் ஒன்று பார்வையாளரை நோக்கியும் எரியும். சாக்கியாரின் கண்ணசைவே கதையை நடத்துவதால், அந்த முகத்துக்கு வெளிச்சம் போய்ச் சேர்வதை முன்னிட்டே இவ்வளவு ஏற்பாடும் செய்யப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்கு இங்கே மெய் சிலிர்க்கும். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மாதவியின் அரங்குக்கு அளவு சொல்லும் இளங்கோ, அதற்கும் இரண்டு வாயில்கள் வைக்கிறார். தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கை நிறுத்தச் சொல்கிறார். அதே நூலில் சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் ஆடுபவனும் பறையூர்க் கூத்தச் சாக்கையன்தான். நம் அரங்கு மரபைத் தேடுகிற தமிழர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

உள்ளே அமர்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் ஷொர்ணூரை அடுத்த செறுதுருத்திக்குப் போகலாம். கவிஞர் வள்ளத்தோள் முன்னின்று 1930இல் தொடங்கிய கலைப்பள்ளியான கலாமண்டலத்தில், அப்புக்குட்டன் நாயரின் வடிவமைப்பில் 1970களில் எழுந்த கூத்தம்பலம் இருக்கிறது. அதன் தூண்களில் நாட்டிய சாத்திரம் சொல்லும் ஆடல் நிலைகளான கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சிதம்பரம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் அவற்றைக் கண் மட்டத்திலேயே பார்க்கலாம். கோயிலுக்கு வெளியே ஒரு கூத்தம்பலம் எழுந்தது, சாதி பாராமல் எவரும் கூத்துக் கலையைக் காணவும் கற்கவும் வழி திறந்ததன் அடையாளம் என்பதால், எனக்கு இது வடக்குநாதர் கோயிலினதைவிட ஒரு படி மேல்.

திரையரங்கிலும் திருச்சூர் முந்திக்கொண்டது. காட்டூக்காரன் ஜோசப் 1907இல் கையால் சுழற்றும் கருவியுடன் படம் காட்டத் தொடங்கி, 1913இல் மின்சாரத்துக்கு மாறினார். கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹாலைக் கட்டியது 1914இல்தான்.

பாலக்காட்டிலிருந்து ரயிலில் போனால் ஷொர்ணூர் முதலில் வரும். அங்கே இறங்கி, பாரதப்புழைப் பாலத்தைக் கடந்து, வகுப்பு நடக்கும் வேலை நாளில் கலாமண்டலத்தைப் பார்த்துவிட்டுத் திருச்சூர் போவது காசுக்கும் உடம்புக்கும் நல்லது. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள்.