உரும்பிராய்ச் செம்மண்ணில் பி.எம்.எக்ஸ்

பி.எம்.எக்ஸ் (மண்பாதையில் பந்தயம் ஓடுகிற சின்னச் சில்லுச் சைக்கிள்) என்றால் வெளிநாட்டுக் காசு வந்த வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று என் வயதுக்காரர் சிலர் இன்னும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 80களில் யாழ்ப்பாணத்தின் உரும்பிராய், கோண்டாவில், கோப்பாய்ப் பக்கம் வளர்ந்த பெடியங்களில் பி.எம்.எக்ஸ் வாங்கினவர்கள் மிகக் குறைவு. ஓடினவர்கள் நிறையப் பேர். அதைத்தான் எழுதி வைக்கவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் ஒழுங்கைக்கு வந்த ஒரேயொரு அசல் பி.எம்.எக்ஸ் பெரியம்மாவின் மகனுடையது. 1985இல் வந்தது. ஜேர்மனியில் இருந்த மாமா காசு அனுப்பி, கொழும்பில் ஆள் பிடித்து வாங்கி, லொறியில் ஏற்றிவிட்டிருந்தார். நீலச் சட்டம். ஹான்டிலின் குறுக்குக் கம்பியிலும் பாரிலும் மஞ்சள் உறை போட்ட பஞ்சு. முன்னால் பந்தய இலக்கம் ஒட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. ரயரில் கட்டை கட்டையாகப் பூ. அம்மம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டா:

"உதுக்கு மக்காட்டும் இல்லை, கரியரும் இல்லை. உதிலை என்னத்தையடா மோனே கட்டிக்கொண்டு வாறது?"

சரியான கேள்விதான். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் என்றால் ஏதாவது சுமக்கவேண்டும். பாரில் பிள்ளை, கரியரில் மனிசி, ஹான்டிலில் சந்தைப் பை, விடிய வாழைக்குலை, பின்னேரம் ஆட்டுக்குக் குழை. அப்பாவின் றலி சைக்கிளை நாங்கள் தொட்டால் அது கடைக்குப் போகவாகத்தான் இருக்கும். ஒன்றையும் சுமக்காத சைக்கிள், பிள்ளை பாய்ந்து விளையாட மட்டுமே செய்த சைக்கிள், எங்கள் ஊர் அதற்கு முதல் கண்டதில்லை. அதுதான் எங்களைக் கிறங்க வைத்தது என்று இப்போது விளங்குகிறது.

ஓடிப் பார்த்தால் இன்னும் விளங்கும். சில்லு 20 அங்குலம். முன் பல்லுச்சில்லில் 44 பல், பின்னால் 16 என்பது அந்தக் காலத்துப் பி.எம்.எக்ஸின் வழக்கமான கணக்கு. ஒருதரம் பெடலைச் சுற்றினால் ஏறக்குறைய 4 மீற்றர் போகும். பெரியவர்களின் 28 அங்குலச் சைக்கிள் அதைவிட ஒரு மீற்றருக்கு மேல் கூடப் போகும். ஆகவே பலாலி வீதியால் யாழ்ப்பாண ரவுனுக்குப் போவதென்றால் பி.எம்.எக்ஸ் ஓடுகிறவனுக்குக் கால் விட்டுப்போகும். ஆனால் நின்ற இடத்திலிருந்து பத்து முழம் பாய்வதற்கு அதை அடிக்க ஒன்றுமில்லை. பின் சட்டம் கட்டை என்பதால் உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தாலே முன் சில்லு தானாகக் கிளம்பும். முதல்தரம் அது கிளம்பியபோது வயிற்றுக்குள் வந்த அந்தக் குளிர் எனக்கு இன்றைக்கும் நல்ல ஞாபகம்.

கலியாண வீடொன்றுக்கு வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் ஈ.டி. என்ற ஆங்கிலப் படம் போட்டார்கள். சனம் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பெடியங்கள் சைக்கிளில் பொலிசுக்குத் தப்பி ஓடுகிற கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டோம். அவை ஜப்பானின் ஒசாக்காவில் இருந்த குவாஹரா கொம்பனிச் சைக்கிள்கள் என்பதும், சாகசக் காட்சிகளில் ஓடியவர்களில் ஒருவர் பொப் ஹாரோ என்பதும் பிற்பாடு அறிந்தவை. சைக்கிளை ஆடவைக்கிற ஃப்ரீஸ்டைல் வித்தைகளைத் தொடக்கி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஹாரோ முதலில் செய்து விற்றது சைக்கிள்கூட இல்லை. முன்னால் கொழுவுகிற இலக்கத் தட்டு.

அதற்கு முந்திய கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 60களின் கடைசியில், 70களின் தொடக்கத்தில், தென் கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் மண்பந்தயம் பார்த்த சின்னப் பெடியங்கள், தங்களிடம் இருந்த ஷ்வின் ஸ்ரிங்-ரே சைக்கிள்களை வெறும் காணிகளுக்குள் இறக்கினார்கள். அது 1963இல் வந்த சைக்கிள். மண்ணில் பாய்வதற்காகச் செய்யப்பட்டதில்லை. மக்காட்டைக் கழற்றி, முறிந்ததை ஒட்டி, ஹான்டிலை மாற்றி, தாங்களே அதைப் பந்தயச் சைக்கிள் ஆக்கினார்கள். 1970இல் லோங் பீச்சில் ஸ்கொட் பிரைற்ஹாப்ற் என்ற 13 வயதுப் பெடியன் ஆளுக்கு 25 சதம் வாங்கிப் பந்தயம் வைத்தான். தான் மோட்டார் சைக்கிளில் வென்ற கேடயங்களையே பரிசாகக் கொடுத்தான். கொம்பனிகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

நாங்கள் செய்ததும் இதே வேலைதான், ஒருவரும் சொல்லித்தராமல். பெரியம்மா வீட்டுச் சைக்கிளுக்கு ஒழுங்கையே வரிசையில் நின்றால் எப்போது முறை வரும்? ஆளாளுக்குச் செய்யத் தொடங்கினோம். தங்கச்சிமாரின் சின்னச் சைக்கிள்களில் மக்காட், செயின் கவர் எல்லாம் கழன்றன. சீற்றுக்கு வெட்டிய ஸ்பொஞ்சில் மிச்சம் வாங்கி, ரெக்சின் சுற்றி, பாரில் கட்டினோம். மாஜரீன் வாளி மூடியில் பெயின்ற்றால் இலக்கம். ஹான்டிலுக்குக் குறுக்குக் கம்பி மட்டும் எங்களால் முடியாது. அதற்குச் சந்தி வெல்டிங் கடைக்குப் போகவேண்டும். கடைக்கார அண்ணை ஒவ்வொருத்தனையும் ஒரே கேள்வி கேட்பார்: "தம்பி, கொப்பருக்குத் தெரியுமோ?" பதில் சொல்லாமல் நின்றால் சிரித்துக்கொண்டு ஒட்டித் தருவார். காசு வாங்கியது குறைவு. பி.எம்.எக்ஸ் வரலாறு என்று யாராவது எழுதினால் அந்த அண்ணைக்கு ஓரிடம் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இனி ஓட இடம். யாழ்ப்பாணம் மேசைபோலத் தட்டை. மேடு வேண்டுமென்றால் தேடவேண்டும். தோட்டங்களுக்குப் பின்னால் கல் கிளறின கிடங்கொன்று இருந்தது. அதன் சரிவில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுவதுதான் எங்கள் முதலாவது பாதை. மழை விட்ட அடுத்த நாள் செம்மண் அளவாக இறுகியிருக்கும், ரயர் கடித்துக்கொண்டு போகும். கோடையில் அதே மண் மாவாகி, வளைவில் சைக்கிளை வாரிவிடும். முழங்கால் சிராய்ப்பு இல்லாத பெடியனே அப்போது இல்லை. பிறகு வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டின மண்ணைப் பனங்குற்றிகளின் மேல் குவித்து இறுக்கியிருப்பார்கள். குண்டுக்கு ஒளிக்க வெட்டின குழியின் மேல் நாங்கள் பாய்ந்தோம். அதற்குள் இருந்து பெரியம்மா "மண் கொட்டுதடா, இறங்கடா!" என்று கத்துவா.

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்துடன் சண்டை தொடங்கியபோது அந்தக் காலம் முடிந்தது. கிடங்குப் பக்கம் ஒருவரும் போகவில்லை. 1990இல் திரும்பவும் யுத்தம், பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில் போனது. நீலச் சைக்கிளுக்கும் கரியர் ஒட்டினார்கள், விறகு கட்டினார்கள், 20 அங்குல ரயர் கிடைக்காமல் பழைய ரயரைத் துண்டு வைத்துத் தைத்து ஓடினார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனமெல்லாம் யுத்தத்தால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, பெரியம்மா அதில் ஒரு அரிசி மூட்டையையும் இரண்டு சூட்கேசையும் கட்டித் தள்ளிக்கொண்டு போனா. திரும்பி வரும்போது சைக்கிள் வரவில்லை. எந்த வளவில் விட்டதென்று அவவுக்கே நினைவில்லை. பெரியம்மாவின் மகன் இப்போது கனடாவில். தொலைபேசியில் மற்றதெல்லாம் கதைப்பார், இந்தக் கதை வந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

பி.எம்.எக்ஸ் பந்தயம் 2008இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. ஃப்ரீஸ்டைல் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தது. டோக்கியோவில் பிரித்தானியாவின் ஷார்லற் வேர்திங்ரன் சைக்கிளோடு பின்னுக்குக் கரணம் அடித்துக்கொண்டே ஒரு முழுச் சுற்றும் சுற்றித் தங்கம் வென்றதை மகளோடு இருந்து பார்த்தேன். முதல் ஓட்டத்தில் அதே வித்தையில் விழுந்து, இரண்டாவதில் திரும்பவும் அதையே செய்தவ. மகள் அன்றைக்கே தன் சைக்கிளின் கூடையைக் கழற்றித் தரச் சொன்னாள். கழற்றிக் கொடுத்தேன்.

பின்னேரங்களில் பண்ணைப் பாலத்தடியில் கியர் சைக்கிள் பெடியங்கள் முன் சில்லைத் தூக்கி ஓடுகிறார்கள். வாகனங்களுக்கு நடுவில் ஓடுவது எனக்குப் பயம். ஆனால் அவர்களைத் திட்டுகிறவர்களோடு என்னால் சேரமுடியாது. வேறு எங்கே போவார்கள்? நாலைந்து பரப்புக் காணியும் சில லொறி செம்மண்ணும் இருந்தால் மேடும் வளைவுமாக ஒரு நல்ல பாதை போடலாம். பெரிய செலவில்லை. கோப்பாய்ப் பக்கம் பற்றை மூடிக் கிடக்கிற காணி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் லண்டனில் இருக்கிறார், நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாராம். வந்தவுடன் போய்க் கேட்கப்போகிறேன்.