தேங்காய்க்குப் போட்டுப் பார்த்த தொப்பி

பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். மேசை விரிப்பு, கைப்பை என்று முன்பு பின்னியவற்றில் மிஞ்சிய பருத்தி நூல் உருண்டைகள் ஆறு என் அலமாரியில் கிடந்தன. சமையலறைத் தராசில் வைத்தேன்: 140 கிராம். புது நூலுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு, குழந்தைக்குத் தொப்பி, கையுறை, காலுறை பின்ன உட்கார்ந்தேன்.

முதலில் தொப்பி. 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி, அதாவது பின்னல் வளையம், விழுந்தது. பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ.; ஆகவே 70 கண்ணி. கணக்கு சரிதான். ஆனால் யார் தலையில் அளவு பார்ப்பது? அடுப்படியில் உரித்து வைத்திருந்த தேங்காயின் சுற்றளவு 34 செ.மீ. இருந்தது. அதற்கு மாட்டினேன். இரண்டு தரம் இழுத்துவிட்டதும் தொப்பி தேங்காயின் மூன்று கண்ணையும் மூடிக்கொண்டு இறங்கிவிட்டது. அத்தை சிரித்து முடிக்க நேரமாயிற்று.

குற்றம் நூலுடையது அல்ல, என்னுடையது. கம்பளி நூலை இழுத்தால் சுருங்கித் தன் இடத்துக்குத் திரும்பும். பருத்தி இழுத்த இழுப்பிலேயே நின்றுவிடும். தலையைவிடத் தொப்பி சிறியதாக இருந்தால்தான் பிடிக்கும். முழுவதையும் பிரித்துவிட்டு, 64 கண்ணி போட்டு, ஓரத்தை மட்டும் 3 மி.மீ. ஊசியில் பின்னினேன். 64 எட்டால் வகுபடும் எண் என்பதால் உச்சியில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எட்டெட்டாகக் குறைப்பதும் எளிதாயிற்று. இதை முன்பே யோசித்திருந்தால் இரண்டு இரவு மிஞ்சியிருக்கும்.

பினாங்கு வெக்கைக்குத் தொப்பி எதற்கு என்று தங்கையே கேட்டாள். ஏர்கோன் அறைக்கும் மாலை மழைக்கும்தான். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். உடல் சூடு வெளியேறத் தலை திறந்திருப்பது நல்லது. அத்தைக்கு இதில் உடன்பாடில்லை. விவாதம் தொடர்கிறது.

கையுறையில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். கட்டைவிரல் தேவையில்லை, முகத்தைக் கீறாமல் இருந்தால் போதும். 28 கண்ணியில் ஒரு குட்டிப் பை. மணிக்கட்டில் நிற்கத்தான் அடம்பிடித்தது. நாடா கோத்துக் கட்ட எனக்கு மனமில்லை. கண்ணியின் பின்பக்க இழையில் ஊசியைக் குத்திப் பின்னியபோது விளிம்பு கொஞ்சம் இறுகியது. நிறம் மாறும் இடங்களில் உள்ளே நீளமாக நூல் ஓடவே கூடாது. தளர்ந்த ஒரு இழை பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் குழந்தையால் சொல்ல முடியாது, அழத்தான் முடியும். பருத்தி வழுக்கும் என்பதால் நூல் முனைகளை இரண்டு திசையிலும் கோத்து மறைத்தேன். பின்னியதைவிட இதற்குத்தான் நேரம் அதிகம் போனது.

காலுறையை ஃபெர்ரியில் பின்னினேன். இரண்டாவது காலின் நுனிக்கு மஞ்சள் நூல் போதவில்லை. பச்சையில் முடித்துவிட்டு, முதல் காலின் நுனியையும் பிரித்துப் பச்சையாக்கினேன். இப்போது திட்டமிட்டுச் செய்ததுபோலத்தான் தெரிகிறது.

துவைத்து, மழை காரணமாக இரண்டு நாள் விசிறிக்கடியில் உலர்த்தினேன். மூன்றும் சேர்ந்து 55 கிராம். மீதி 85 கிராமில் இன்னொரு தொப்பி வரும். ஆனால் அந்தத் தேங்காய் நேற்றுச் சட்னியாகிவிட்டது. அதே அளவில் வேறொன்று தேட வேண்டும்.